குளத்தடிச் சேறு: அள்ளணுமா, விட்டுடணுமா?

இந்த மாசம் தோட்டம் கேள்வி-பதிலுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல மலைல இருந்துதான், அதுவும் வீட்டுக்குப் பின்னாடி குளம் வச்சிருக்கறவங்க கிட்ட இருந்து. கோடை வரப் போகுது, எல்லாருக்கும் கை பரபரங்குது போல. அதனால இந்தத் தடவை ரோஜாக் கேள்விகளைத் தள்ளி வச்சுட்டு குளத்தை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி (வாசகி, கோத்தகிரி): வணக்கம் சார். வீட்டுக்குப் பின்னாடி 12 அடிக்கு 8 அடில சில்பாலின்ங்கற பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு ஒரு குளம் வச்சிருக்கோம், ஆழம் 3 அடி, வச்சு 6 வருஷம் ஆச்சு. கோல்டு ஃபிஷ் ஒரு பத்து இருக்கு, அல்லி ரெண்டு தொட்டி. மேல சில்வர் ஓக்கும் ஒரு கற்பூர மரமும் நிக்குது, இலை கொட்டிக்கிட்டே இருக்கும். இப்ப குச்சி விட்டுப் பார்த்தா அடில 7 இன்ச் சேறு. எங்க அத்தை பொள்ளாச்சிப் பக்கம், ஊர்ல கோடைக்கு ஏரி தூர்வாருவாங்கல்ல, அந்த மாதிரி பூராத்தையும் இறைச்சு ஷீட்டைத் தேச்சுக் கழுவி புதுத் தண்ணி விடுங்கறாங்க. வீட்டுக்காரர் கையே வைக்காத, இயற்கை பார்த்துக்கும்ங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?

பதில்: ரெண்டு பேர் சொல்றதையும் அப்படியே செய்யாதீங்கம்மா. 7 இன்ச் அதிகம்தான், அள்ளணும். ஆனா பூராவும் அள்ளக் கூடாது, ஷீட்டைத் தேச்சுக் கழுவறது கூடவே கூடாது.

முதல்ல அத்தை சொல்றதைப் பார்ப்போம், அவங்க ஊர்க் கணக்குல அது சரியான பேச்சுதான். ஏரி தண்ணி தேக்கறதுக்காக இருக்கு, வண்டல் சேர்ந்தா கொள்ளளவு குறையும், அதனால கோடைல காஞ்சு கிடக்கறப்போ தூர்வாரி அந்த வண்டலை வயலுக்கு அடிப்பாங்க, குடிமராமத்துன்னு காலங்காலமா இருந்த வழக்கம், 2017ல அரசே திரும்ப அதே பேர்ல திட்டமாக் கொண்டு வந்துச்சு. மீன் பண்ணைக்காரங்களும் மீனைப் பிடிச்சு வித்துட்டு அப்புறம்தான் குளத்தைக் காயப் போட்டு, மண்ணு வெடிச்சதும் சுண்ணாம்பு தூவுவாங்க. ரெண்டு இடத்துலயும் கவனிங்க, வேலை நடக்கறப்போ உள்ள மீன் கிடையாது. உங்க குளத்துல பத்து மீன் இருக்கு, அல்லி இருக்கு, கண்ணுக்குத் தெரியாம தும்பிக் குஞ்சு, நத்தை, தண்ணிப் பூச்சின்னு ஒரு கூட்டமே அந்தச் சேத்துலதான் குடியிருக்கு.

சேறுன்னா வெறும் அழுக்குன்னு நினைக்கறோம். மீன் கழிவு, மிச்சத் தீனி, இலைச் சருகு எல்லாம் அடில போய்ச் சேருது, அதுல இருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அந்த அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான், அதை இன்னொரு வகை நைட்ரேட்டா மாத்தும், அதை அல்லியும் பாசியும் உரமா எடுத்துக்கும். இந்த பாக்டீரியா எல்லாம் தண்ணில மிதந்துக்கிட்டு இருக்கறதைவிட ஷீட்டு மேல, கல்லு மேல, சேத்தோட மேல் அடுக்குல ஒட்டிக்கிட்டுத்தான் அதிகம் வாழும். நீங்க ஷீட்டைத் தேச்சுக் கழுவினா அந்தக் கூட்டம் மொத்தமாப் போயிடும். தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கும், பார்க்க சந்தோஷமா இருக்கும், ஆனா அம்மோனியாவை மாத்த ஆள் இல்ல. பாக்டீரியா திரும்ப நிலைக்கறதுக்கு சமவெளிலயே சில வாரம் ஆகும், நம்ம மலைக் குளிர்ல அதுக்கும் மேல இழுக்கும், தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போயிட்டா அதுங்க வேலையே ரொம்ப மந்தமாயிடும். அந்த இடைவெளிலதான் மீன் ஒண்ணொண்ணா சாகறது.

சரி, அப்ப வீட்டுக்காரர் சொல்றபடி விட்டுடலாமான்னா, அதுவும் மலைல எடுபடாது. சமவெளி வெயில்ல இலை சீக்கிரம் மக்கிடும். இங்க குளிர்ல, அதுவும் காத்துப் போகாத தண்ணிக்கு அடில, மக்கறது அவ்வளவு மெதுவு. நம்ம நீலகிரிப் புல்வெளிப் பள்ளங்கள்ல இருக்கற சதுப்பைப் பாருங்க, பாதி மக்கின புல்லும் வேரும் கருப்பு மண்ணா அடுக்கடுக்கா அப்படியே கிடக்கு, 20,000 வருஷத்துக்கும் முந்தின அடுக்கு வரைக்கும் விஞ்ஞானிங்க தோண்டி எடுத்து அந்தக் காலத்துல இங்க காடு அதிகமா இருந்துச்சா புல்லு அதிகமா இருந்துச்சான்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அத்தனை வருஷம் மக்காம கிடக்குதுன்னா நம்ம வீட்டுக் குளத்துல மட்டும் தானா கரைஞ்சிடுமா? அதுலயும் உங்களுக்கு வாய்ச்சது சில்வர் ஓக்கும் கற்பூர மரமும். ரெண்டுமே ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த மரம், இலை தடிப்பு, கற்பூர இலைல எண்ணெய் வேற இருக்கு, சீக்கிரத்துல மக்காது, கறை இறங்கி தண்ணியும் பழுப்பா ஆகும். அதனால மலைக் குளத்துல சேறு குறையறதைவிட ஏறறதுதான் வேகம், மனுஷன் கை கொஞ்சம் பட்டுத்தான் ஆகணும்.

எவ்வளவு இருக்கலாம்னா, ரெண்டு மூணு இன்ச் வரைக்கும் நான் தொடவே மாட்டேன். அதுக்கு மேல போனா சேத்தைக் கையில எடுத்துப் பாருங்க. பழுப்பா, பொலபொலன்னு, மண் வாசனையா இருந்தா பயமில்ல. கருகருன்னு வழுவழுப்பா இருந்து, குச்சியால குத்தினா குமிழ் குமிழா காத்து கிளம்பி அழுகின முட்டை நாத்தம் அடிச்சா அடில ஆக்சிஜன் தீர்ந்து போச்சுன்னு அர்த்தம், அந்த நாத்தம் ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு ரொம்பக் கெட்டது. இதனாலதான் மொத்தக் குளத்தையும் ஒரே நேரத்துல கலக்கக் கூடாதுங்கறேன். கலக்கினா அந்த வாயுவும் வெளிய வரும், அதுவரை அமுங்கிக் கிடந்த கழிவு மேல வந்து தண்ணில இருக்கற ஆக்சிஜனையும் உறிஞ்சிடும். குளிர்ந்த தண்ணி ஆக்சிஜனை நல்லா பிடிச்சு வைக்கும்னு சிலர் தைரியமா இருப்பாங்க, உண்மைதான், ஆனா 2,000 மீட்டர் உயரத்துல காத்தோட அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய 5ல 1 பங்கு கம்மி, குளிரால வர்ற லாபத்துல பெரும்பகுதி அங்க போயிடுது.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம். 7 இன்ச்ச 3 இன்ச்சாக் குறைக்கணும்னா சேறு மட்டும் 900 லிட்டர் கிட்ட வரும், 15 லிட்டர் பக்கெட்டுக்கு 60 பக்கெட். ஓரம் சரிவா இருந்தா இன்னும் குறையும். இதை ஒரே நாள்ல செய்யாதீங்க. குளத்தை மனசுல மூணாப் பிரிச்சுக்கங்க, இந்த பிப்ரவரில ஒரு பங்கு, மூணு நாலு வாரம் விட்டு அடுத்த பங்கு, மூணாவது பங்கை அடுத்த வருஷம் வரைக்கும் தொடாதீங்க. தொடாத இடத்துல இருந்துதான் பூச்சியும் பாக்டீரியாவும் திரும்பப் பரவி வரும்.

தண்ணியை இறைக்கவே வேண்டாம். பூரா இறைச்சீங்கன்னா 6,000 லிட்டருக்கு மேல திரும்ப நிரப்பணும், கோடைல குழாய்த் தண்ணி எப்படி வருதுன்னு உங்களுக்கே தெரியும். கைப்பிடி நீளமா இருக்கற சின்னக் கண்ணு வலை ஒண்ணு, இல்லன்னா ஒரு பிளாஸ்டிக் முறத்துல ஓட்டை போட்டுக் கட்டிக்கிட்டா போதும். மம்பட்டி, இரும்புச் சட்டி எதையும் உள்ள விடாதீங்க, சில்பாலின் கிழிஞ்சா அப்புறம் மொத்த வேலையும் போச்சு. மெதுவா அடில நுழைச்சு மெதுவாத் தூக்குங்க. அள்ளினதை உடனே தூர கொண்டு போய்க் கொட்டாம குளத்து ஓரத்துலயே, ஒரு பழைய சாக்கு விரிச்சு, தண்ணி திரும்ப உள்ள வடியற மாதிரி ஒரு நாள் ரெண்டு நாள் வையுங்க. தும்பிக் குஞ்சு, நத்தை எல்லாம் ஊர்ந்து திரும்ப குளத்துக்குள்ள போயிடும், போகாததைக் கையாலயே எடுத்துப் போடுங்க. இதை மட்டும் யாரும் செய்யறதில்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

மீனை வெளிய எடுக்கணுமான்னா, மூணுல ஒரு பங்கு அள்ளறதுக்குத் தேவையில்ல, அதுங்களே எதிர் ஓரத்துக்கு ஒதுங்கிடும். எடுத்தே ஆகணும்னா அதே குளத்துத் தண்ணியைப் பெரிய டப்புல பிடிச்சு நிழல்ல வச்சு மேல வலை மூடிடுங்க, கோல்டு ஃபிஷ் துள்ளி வெளிய விழும். ஒரு ஏர் பம்ப் இருந்தா வேலை நடக்கற அன்னைக்கும் மறுநாள் ராத்திரியும் ஓட விடுங்க. விடியக்காலைலதான் ஆக்சிஜன் ரொம்பக் குறைவா இருக்கும், ராத்திரி பூரா செடிகளும் மூச்சு விட்டுட்டு இருக்கும்ல. காலைல எழுந்து பார்க்கறப்போ மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தா கிளறினது அதிகம், ஒரு மாசத்துக்கு நிறுத்திடுங்க.

பிப்ரவரின்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. டிசம்பர், ஜனவரி உறைபனில மீன் அடில அசையாம கிடக்கும், அந்த நேரம் தொந்தரவு பண்ணக் கூடாது. ஏப்ரல், மே வந்துட்டா தண்ணியும் இல்ல, சூட்டுல நாத்தமும் கூடும். ஜூன்ல மழை பிடிச்சா தவளை முட்டை, தலைப்பிரட்டை எல்லாம் வந்துடும், அப்ப வலை போட்டா அதுங்கதான் வரும். பிப்ரவரில வெயில் நல்லா ஏறினப்புறம், ஒரு 11 மணிக்கு மேல ஆரம்பிங்க.

ஆனா இத்தனையும் செஞ்சாலும் அந்த ரெண்டு மரத்து இலை உள்ள விழுந்துக்கிட்டே இருந்தா மூணு வருஷத்துல மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீங்க. நர்சரில பந்தலுக்குப் போடற வலை இருக்கில்ல, அதுல கண்ணு பெருசா இருக்கறதா வாங்கி இலை அதிகமாக் கொட்டற மாசத்துல மட்டும் குளத்துக்கு மேல இழுத்துக் கட்டுங்க, தண்ணில தொடாம ஒரு அடி உயரத்துல, தவளை, தும்பி போய்வர ஓரத்துல இடம் விட்டு. மத்த நாள்ல மிதக்கற இலையை மூழ்கறதுக்கு முன்னாடி வாரிடுங்க, காலைல காபி குடிச்சுட்டு வெளிய வர்ற நேரம் போதும் அதுக்கு. தீனியும் அப்படித்தான், 5 நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவுதான் போடணும், குளிர் மாசத்துல அதுங்களுக்குப் பசியே இருக்காது, பிள்ளைங்க ஆசைக்குப் போடற தீனிதான் பாதிச் சேறு.

அத்தை கிட்ட ஒண்ணு சொல்லுங்க, அள்ளின சேறு வீணாகாது. பச்சையா செடி வேர்ல கொட்டாம காஞ்ச இலையோட கலந்து கம்போஸ்ட் குழில சில வாரம் போட்டு வச்சு அப்புறம் போடுங்க. ஹைட்ரேஞ்சியாவுக்குப் போட்டா நல்லா வரும். ஓடைல மட்டும் கொட்டிடாதீங்க, கீழ அந்தத் தண்ணியைக் குடிக்கறவங்க இருக்காங்க.

கேள்வி (வாசகர், கொடைக்கானல் மலை கிராமம்): அய்யா, எங்க தோட்டத்துல ஷீட், சிமென்ட் எதுவும் இல்லாத மண் குளம். மேல இருந்து ஊத்துத் தண்ணி வருது. மழைக்கு மேல் ரோட்டு மண்ணும் சேர்ந்து வந்து மேடாயிடுச்சு. ஜேசிபி விட்டு ஒரேயடியா ஆழப்படுத்திடலாமா?

பதில்: வேண்டாங்க. மண் குளத்துல தண்ணி நிக்கறதே அடில இருக்கற களிமண் படலத்தாலதான். வருஷக்கணக்கா நுண்ணிய மண்ணு படிஞ்சு படிஞ்சு சந்தெல்லாம் அடைஞ்சு அந்தப் படலம் உருவாயிருக்கும், இயந்திரப் பல்லு அதைக் கிழிச்சுடுச்சுன்னா அடுத்த கோடைல குளம் வத்திக் கிடக்கும், திரும்பக் களிமண் கொண்டு வந்து மிதிச்சு அடைக்கறது சாமானிய வேலை இல்ல. மலைல ஜேசிபி இறக்கறதுக்கு அனுமதி வேற வாங்கணும். மேல கிடக்கற மெத்துன்னு இருக்கற சேத்தை மட்டும் ஆள் விட்டு மம்பட்டியால வாருங்க, கால்ல கெட்டியாத் தட்டுப்படற இடத்தோட நிறுத்திடுங்க.

உங்களுக்கு உண்மையான வேலை குளத்துல இல்ல, தண்ணி உள்ள வர்ற வழில இருக்கு. கொடைக்கானல் ஏரியையே எடுத்துக்கங்க, அது தானா உண்டான ஏரி இல்ல, 1863ல லெவிஞ்சுங்கற கலெக்டர் ஓடையை மறிச்சுக் கட்டினது, ஊட்டி ஏரியும் கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் வெட்டினதுதான். ஓடையை மறிச்ச எந்த நீர்நிலைக்கும் ஓடை கொண்டு வர்ற மண்ணுதான் எதிரி, பெருசானாலும் சிறுசானாலும் அதேதான். அதனால ஊத்துத் தண்ணி குளத்துல விழறதுக்கு முன்னாடி 3 அடிக்கு 3 அடில ஒரு சின்ன வண்டல் குழி வெட்டுங்க, 2 அடி ஆழம் போதும், தண்ணி அதுல வேகம் குறைஞ்சு மண்ணை இறக்கிட்டு மேலாக வழிஞ்சு குளத்துக்குப் போகட்டும். ஒவ்வொரு பெருமழை முடிஞ்சதும் அந்தக் குழியை மட்டும் வாரினா போதும், குளத்துல கையே வைக்க வேண்டியிருக்காது. ரோட்டுத் தண்ணியைத் தனி வாய்க்கால் வெட்டித் திருப்பி விட முடிஞ்சா அதைவிட நல்லது. குழிக்கும் குளத்துக்கும் நடுவுல அருகம்புல்லோ வேற எந்தப் புல்லோ அடர்த்தியா இருக்கட்டும், மிச்சத்தை அது பிடிச்சுக்கும். வெள்ளைக் கல்லா லில்லி மட்டும் நடாதீங்க, அழகுதான், ஆனா ஈரம் கண்ட இடமெல்லாம் பிடிச்சுக்கிட்டு நம்ம சதுப்பையெல்லாம் ஏற்கனவே மூடிட்டு வருது.

கேள்வி (வாசகி, குன்னூர்): அடில சேறு இருந்தா கொசு உற்பத்தி ஆகும்னு பக்கத்து வீட்டுல தினமும் சண்டை. குளத்தை மூடிடலாம்னு தோணுது அண்ணா. கம்பூசியா மீன் விட்டா சரியாயிடுமா?

பதில்: மூடாதீங்க தங்கச்சி. கொசுப்புழு சேத்துல இருந்து பிறக்கறதில்ல, அது தண்ணி மேல்மட்டத்துல வால் பக்கத்துக் குழாயை வெளிய நீட்டி மூச்சு விடும், அசையாத தண்ணியும் ஒளிஞ்சுக்க பாசியும் இருந்தா போதும் அதுக்கு. சேத்துல இருக்கற தும்பிக் குஞ்சு அந்தப் புழுவைப் பிடிச்சுத் தின்னும், அதனால சேத்தை மொத்தமா வாரினா கொசு கூடத்தான் செய்யும். ஒரு சின்ன மோட்டார் வச்சு தண்ணியை மேல இருந்து விழ விடுங்க, மேல மூடி இருக்கற ஆகாயத் தாமரை, பாசி இதையெல்லாம் பாதியாக் குறைங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைக் கிண்ணத்துல குளத்துத் தண்ணியை மொண்டு காட்டுங்க, நெளியற புழு இருக்கா இல்லையான்னு அவங்களே பார்த்துக்கட்டும். அப்புறம் ரெண்டு வீட்டுலயும் பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம் இதையும் சேர்ந்து பாருங்க.

கம்பூசியா வேண்டவே வேண்டாம். அது அமெரிக்கா மீன், கொசுப்புழு தின்னுறது வாஸ்தவம், தலைப்பிரட்டையையும் மத்த மீன் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். மழைல குளம் வழிஞ்சு ஓடைல போயிடுச்சுன்னா திரும்பப் பிடிக்க முடியாது. இந்த மலைத்தொடர்ல மட்டுமே இருக்கற தவளை எத்தனையோ இருக்கு, அதுங்க குஞ்சு வளர்ற ஓடைக்கு நாம ஒரு எதிரியை அனுப்பக் கூடாது.

கேள்வி (வாசகர், ஊட்டி): சிமென்ட் தொட்டிதான் சார், அடி சுத்தமா இருக்கணும்னு மாசம் ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, கழுவி, குழாய்த் தண்ணி விடறேன். அப்படியும் மீன் செத்துப் போகுது, என்ன குறை?

பதில்: குறை ஒண்ணும் இல்ல, சுத்தம் அதிகமாயிடுச்சு. பிளீச்சிங்கும் சரி, குழாய்த் தண்ணில இருக்கற குளோரினும் சரி, மீனோட செவுளைப் புண்ணாக்கும், பாக்டீரியாவையும் கொன்னுடும். பிளீச்சிங்கை இன்னைக்கே நிறுத்துங்க. அடில கூழாங்கல் ஒரு அடுக்கு போட்டு விட்டுடுங்க. மாசம் ஒரு தடவை ஒரு டியூபை உறிஞ்சு விட்டு அடில இருக்கற கசடோட 5ல 1 பங்கு தண்ணியை மட்டும் எடுத்துட்டு, டிரம்ல ரெண்டு நாள் திறந்து வச்ச தண்ணியை மெதுவா ஊத்துங்க. பில்டர் இருந்தா அதோட ஸ்பாஞ்சை குழாய்ல கழுவாம, எடுத்த பழைய தண்ணிலயே அலசுங்க. தொட்டி புதுசா கட்டினதுன்னா சிமென்ட்ல இருந்து சுண்ணாம்பு இறங்கி தண்ணி காரமாயிடும், நம்ம ஊர்ல வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வச்சு, தண்ணியை மாத்தி மாத்தி விட்டு அப்புறம்தான் மீன் விடுவாங்க, அதைச் செஞ்சீங்களான்னு எழுதுங்க. இலுப்பைப் புண்ணாக்கு போட்டா சுத்தமாகும்னு யாராவது சொன்னா கேட்டுடாதீங்க, அது பண்ணைக் குளத்துல வேண்டாத மீனைக் கொல்றதுக்குப் போடறது.

இன்னொரு விஷயம், உங்க கடிதத்துல வீட்டுக்கு அடில மூடின பழைய தண்ணித் தொட்டி ஒண்ணும் இருக்கு, அதையும் இறங்கி வாரலாம்னு எழுதியிருக்கீங்க. திறந்த குளத்துச் சேறு வேற, மூடின தொட்டிச் சேறு வேற. அந்த அழுகின முட்டை வாயு உள்ள தங்கியிருந்தா கொஞ்ச நேரத்துல மூக்குக்கு நாத்தமே தெரியாமப் போயிடும், ஆள் மயங்கி விழுந்துடுவாங்க, காப்பாத்த இறங்கறவரும் விழுவாரு. யாரையும் இறக்காதீங்க, மேல இருந்தே மோட்டார் வச்சு எடுக்கச் சொல்லுங்க.

கேள்வி (வாசகி, கோத்தகிரி அருகே): சார், காட்டுமாடு ராத்திரி வந்து குளத்துல தண்ணி குடிக்குது, ஒரு தடவை கால் வச்சு அடிச் சேறெல்லாம் கலங்கிடுச்சு, ரெண்டு மீன் செத்துடுச்சு. என்ன பண்ணலாம்?

பதில்: விரட்டப் போகாதீங்க, டார்ச் அடிச்சுக்கிட்டு பக்கத்துல போறது, பட்டாசு போடறது எதுவும் வேண்டாம், அடிக்கடி வந்தா வனத்துறைல சொல்லிடுங்க. கலங்கின அன்னைக்கு ஏர் பம்பை உடனே போடுங்க, இல்லன்னா ஒரு பக்கெட்டுல குளத்துத் தண்ணியையே மொண்டு உயரத்துல இருந்து ஊத்தி ஊத்தி விடுங்க, ரெண்டு நாள் தீனி போடாதீங்க, தானா தெளியும். மூணு இன்ச்சுக்கு மேல சேறு இல்லாம வச்சிருந்தா கலங்கினாலும் பெரிய சேதம் வராது. அது இறங்கற பக்கத்து ஓரத்துல உருட்டுக் கல்லா அடுக்கி வைங்க, கால் வைக்க யோசிக்கும். எதிர் ஓரத்துல ஒரு பலகையைச் சரிவாப் போட்டு வைங்க, எலியோ கீரியோ தவறி விழுந்தா ஏறி வர்றதுக்கு.